காசநோய் மருந்தும் எச்.ஐ.வி. மருந்தும் சேரும்போது

எச்.ஐ.வி.க்கு மருந்து உண்டுவரும் நிலையில் காசநோய்ச் சிகிச்சையும் தொடங்கியவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்டவற்றுக்கு மருந்தாளுநர் ஒருவர் அளித்த பதில்கள்.

ஐயா, என் தம்பி ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான மருந்துச் சிகிச்சை) மையத்தில் தரும் ஒரே மாத்திரையை இரவில் சாப்பிட்டு வந்தான். காசநோய் மருந்து தொடங்கியதும் காலையில் இன்னொரு மாத்திரையும் போடச் சொல்லிவிட்டார்கள். எச்.ஐ.வி. முற்றிவிட்டதா?

இல்லை. அவர் உண்ணும் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என மூன்று மருந்துகள் இருக்கின்றன. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைப் பெருகச் செய்வதால், டோலுடெக்ராவிர் வழக்கத்தைவிட விரைவாகச் சிதைந்து, இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. மற்ற இரண்டுக்கும் பெரிய பாதிப்பில்லை. எனவேதான் டோலுடெக்ராவிர் 50 மி.கி. மட்டும் 12 மணி நேரம் கழித்து மீண்டும் தரப்படுகிறது. 'ஒன்று போதாதா' என்று அந்த இரண்டாவது மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டால் வைரஸ் கட்டுக்குள் இல்லாமல் போகக்கூடும்.

காசநோய் மருந்து முடிந்த அன்றே கூடுதல் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. ரிஃபாம்பிசின் நின்றாலும், பெருகிய நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் இரண்டு வாரம் ஆகும்; அதுவரை இரு வேளையும் தொடர வேண்டும்.

நான் எச்.ஐ.வி.க்கு இரண்டாம் கட்ட மருந்தாக அட்டாசனவிர், ரிட்டோனவிர் எடுக்கிறேன். எனக்கும் மாத்திரையைக் கூட்டிவிடுவார்களா?

உங்களுக்கு அது சரிவராது. ரிஃபாம்பிசின் அட்டாசனவிரை இரத்தத்தில் நிற்கவே விடாது என்பதால், காசநோய் மருந்தில்தான் மாற்றம் செய்வார்கள்: ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக ரிஃபாபுடின். இங்கே கணக்கு தலைகீழ். ரிட்டோனவிர் ரிஃபாபுடினின் அளவை ஏற்றிவிடும் என்பதால் அதைக் குறைத்து, நாளுக்கு 150 மி.கி. தருவார்கள். கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே தெரிவியுங்கள். காசநோய் மருந்து தருமிடத்தில் உங்கள் ஏ.ஆர்.டி. அட்டையைக் கட்டாயம் காட்டுங்கள்; பலர் கூச்சப்பட்டு மறைப்பதால்தான் பொருந்தாத மருந்துகள் சேர்ந்துவிடுகின்றன.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கும் இடைஞ்சல் உண்டா?

உண்டு. ரிஃபாம்பிசின் அதன் பலனையும் குறைத்துவிடும். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஆகியவற்றை நம்பலாம், ஆணுறையும் தேவை.

நெஞ்செரிச்சலுக்கு ஜெலூசில் குடிக்கலாமா? இரும்புச்சத்து மாத்திரையும் தந்திருக்கிறார்கள்.

ஜெலூசிலில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு, குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவிடும். டோலுடெக்ராவிர் உண்டு இரண்டு மணி நேரம் கழித்தே அதைக் குடியுங்கள். முன்னதாகக் குடித்துவிட்டால் டோலுடெக்ராவிர் உண்ண ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நீங்கள் இரு வேளை டோலுடெக்ராவிர் எடுப்பவரானால் இந்த இடைவெளிகளைக் கடைப்பிடிப்பது கடினம், ஆகவே நெஞ்செரிச்சலுக்கு வேறு மருந்து கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை உணவோடு என்றால் டோலுடெக்ராவிருடன் சேர்த்தே உண்ணலாம். வெறும் வயிற்றில் கூடாது.

காசநோய்க்கு மருந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் ஏ.ஆர்.டி.யும் தொடங்கினார்கள். இப்போது கழுத்துக் கட்டி பெரிதாகிக் காய்ச்சலும் வருகிறது. மருந்துகள் ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் இது மருந்துகளின் மோதல் அன்று. மீண்டெழும் எதிர்ப்பாற்றல் காசநோய்க் கிருமிகளைக் கண்டு கொந்தளிப்பதே காரணம். ஆயினும் காசநோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமலும் இருக்கலாம் என்பதால் மருத்துவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் வாந்தியோடு கண் மஞ்சளானால் அது கல்லீரல் பாதிப்பாக இருக்கக்கூடும். அடுத்த வேளை மருந்துக்கு முன்பே, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.