விரல், கயிறு, முழங்கால்: மலையேறுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பாறையேற்றம், நீண்ட மலைநடை, பனிமலைப் பயணம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். ஆட்கள் அதிகம் அடிபடுவது அந்த விஷயங்களில்தான் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: அக்கா, மூன்று மாதமாக உள்ளரங்கச் சுவரில் ஏறுகிறேன். சொந்தமாக ஷூ வாங்கப் போகிறேன். வழக்கமான அளவைவிட இரண்டு சைஸ் சின்னதாக எடு, வலித்தால்தான் சரியான ஷூ என்கிறார்கள். உண்மையா?

பதில்: வலிக்கக் கூடாது. இறுக்கமாக இருந்தால் போதும். விரல் நுனிகள் முன்பக்கத்தைத் தொட்டு, மூட்டுகள் லேசாக மடங்கியிருக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் இடைவெளி இருக்கக் கூடாது. போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்று பாருங்கள். கால் முழுக்க ஒரே மாதிரி இறுக்கம் தெரிந்தால் சரி. பெருவிரல் மூட்டு, குதிகாலின் மேல்பக்கம் என்று ஒரே இடத்தில் குத்தினால் அந்த ஷூவின் வடிவமே உங்கள் காலுக்கு ஒத்துவரவில்லை. அப்போது சைஸை மாற்றிப் பயனில்லை, மாடலை மாற்றுங்கள்.

இரண்டு சைஸ் குறைவு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு கம்பெனியின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒத்துப்போவதில்லை. உள்ளே துணி வைக்காத தோல் ஷூ பழகப் பழக நன்றாக விரியும். செயற்கைப் பொருளில் செய்தது ஏறக்குறைய வாங்கியபடியே இருக்கும். முதல் ஜோடிக்கு அடிப்பாகம் தட்டையான, கொஞ்சம் விறைப்பான ஷூ நல்லது. முனை கீழ்நோக்கி வளைந்தவை நம்மை நோக்கிச் சாயும் பாறைக்கானவை, இப்போது வேண்டாம்.

அப்புறம், முனையில் ரப்பர் மெலிவது தெரிந்தவுடனே புது அடி போடக் கொடுத்துவிடுங்கள். ஓட்டை விழும்வரை காத்திருந்தால் விரலைச் சுற்றியிருக்கும் பட்டையும் போய்விடும், வேலை இரட்டிப்பாகும்.

கேள்வி: நண்பர் ஒருவர் பாறையேற்றத்தை நிறுத்திவிட்டார். ஏழு வருடப் பழைய கயிறு, அதிகம் பயன்படுத்தவில்லை, சும்மா எடுத்துக்கொள் என்கிறார். வாங்கலாமா மேடம்?

பதில்: மூட்டை கட்ட வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தொங்காதீர்கள்.

பாறையேற்றத்துக்கான டைனமிக் கயிறு விழுபவரைத் தாங்குவதோடு, நீண்டுகொடுத்து அதிர்ச்சியையும் குறைக்க வேண்டும். ஒற்றைக் கயிற்றுக்கான தரச் சோதனையில் 80 கிலோ எடையை மிகக் கடுமையான விழுகையாகத் திரும்பத் திரும்ப விழவைப்பார்கள். குறைந்தது 5 முறை அறுபடாமல் தாங்க வேண்டும், முதல் விழுகையின் உச்ச விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தச் சோதனை புதுக் கயிற்றுக்கு நடந்தது. இடைப்பட்ட ஏழு வருடத்தில் இந்தக் கயிறு வெயிலில் கிடந்ததா, காரின் டிக்கியில் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. பேட்டரி அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பாரம் வந்தால் அறுந்துவிடும். தொடாமலே வைத்திருந்த கயிற்றுக்கும் 10 வருடம்தான் உச்சவரம்பு என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பயன்படுத்தினால் அது வெகுவாகக் குறையும்.

1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் ஏறிய எழுவரில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். அவர்களுக்கும் மேலே நின்றவர்களுக்கும் இடையே இருந்த மெல்லிய கயிறு அறுந்துபோனது. அதன் துண்டு இன்றும் ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குழுவிடம் அதைவிட வலுவான கயிறும் இருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

உங்கள் சொந்தக் கயிற்றையும் மாதம் ஒரு முறையாவது முழு நீளத்துக்கும் விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் மடித்துப் பிடித்தால் வட்டமான வளையம் வர வேண்டும். அங்கே தட்டையாக மடிந்தாலோ, விரலுக்கு மெத்தென்று பள்ளமாகப் பட்டாலோ, உறை கிழிந்து வெள்ளை நூல் தெரிந்தாலோ உள்கரு பழுதாகியிருக்கிறது. பழுது நுனிக்கு அருகில் என்றால் அதுவரை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். வெட்டினால் நீளம் குறைந்துவிட்டது, நடு அடையாளமும் நடுவில் இல்லை என்பதை உடன் ஏறுபவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மறுநுனியில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கட்டும். ஆளை இறக்கும்போது கயிறு தீர்ந்து நுனி, கீழே நிற்பவரின் கயிறு பிடிக்கும் கருவியைவிட்டு நழுவி நடந்த விபத்துகள் ஏராளம்.

கேள்வி: ஸ்டாட்டிக் கயிறு இன்னும் உறுதியாகத் தெரிகிறதே, அதில் லீட் ஏறினால், அதாவது கயிற்றைக் கீழிருந்தே கொண்டுபோய் வழியில் மாட்டிக்கொண்டே ஏறினால் என்ன?

பதில்: கூடாது. அது அதிகம் நீளாது. கயிற்றில் இறங்கவும், சாமான் இழுக்கவும், நிலையாகத் தொங்கி வேலை செய்யவும் ஏற்றது. மேலிருந்து விழுந்தால் நீள வேண்டிய கயிறு நீளாமல், அத்தனை அதிர்ச்சியும் உங்கள் இடுப்புக்கும் பாறையில் மாட்டிய பிடிமானத்துக்கும் போகும்.

கேள்வி: தானாகப் பிடிக்கும் பிலே கருவி (கீழே நிற்பவர் ஏறுபவரின் கயிற்றைப் பிடிக்கும் கருவி) வைத்திருக்கிறேன். ஏறுபவர் ஓய்வெடுக்கும்போது கையை விடலாமா?

பதில்: பிரேக் கை, அதாவது கருவியிலிருந்து வெளிவரும் கயிற்றைப் பிடித்திருக்கும் கை, ஒருபோதும் கயிற்றைவிட்டு வரக் கூடாது. அந்தக் கருவிகள் பிடிப்பதற்கு உதவுபவை, அவ்வளவே. மெல்லிய கயிறு, ஈரக் கயிறு, தவறாகக் கோத்த கயிறு எல்லாவற்றிலும் அவை நழுவலாம். ஏறும் முன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பாருங்கள். எட்டு வடிவ முடிச்சு, ஹார்னஸின் (இடுப்பில் கட்டும் பட்டை) பக்கிள், கருவியில் கயிறு போகும் திசை, கராபினரின் (இணைக்கும் கொக்கி) பூட்டு ஆகிய நான்கையும் வாய்விட்டுச் சொல்லியே சரிபாருங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக ஏறுகிறேன். உடம்பில் பலம் வந்துவிட்டது, ஆனால் மோதிர விரலின் அடியில் அழுத்தினால் வலி. ஹேங்போர்டில் (விரல்களால் தொங்கும் பலகை) பயிற்சி எடுத்தால் விரல் பலப்படுமா?

பதில்: இப்போது எடுத்தால் விரல் கெடும். உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது: உடம்பில் பலம் வந்துவிட்டது, விரலில் வரவில்லை. தசை சில வாரங்களில் வலுக்கும். தசைநாணும் அதைப் பிடிக்கும் திசுக்களும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்தான் வலுக்கும். பாறையேற்றத்தில் முதல் இரண்டு வருடம் ஆபத்தாக இருப்பது இந்த வித்தியாசத்தால்தான்.

விரலை மடக்கும் தசைநாண், மீன்பிடிக் கோலில் தூண்டில் நூல் வளையங்களுக்குள் ஓடுவதுபோல, எலும்போடு ஒட்டிய வளையங்களுக்குள் ஓடுகிறது. விரலின் அடிக்கணுவில் இருக்கும் வளையத்துக்குத்தான் சுமை அதிகம். சின்ன விளிம்பைப் பிடிக்க விரலை மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்து அழுத்தும் கிரிம்ப் பிடியில், விரலைத் திறந்து பிடிப்பதைவிடப் பல மடங்கு பாரம் அந்த வளையத்தில் இறங்கும். படக்கென்று சத்தம் கேட்டு, வீங்கி, வலி வந்திருந்தால் வளையம் கிழிந்திருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள், அல்ட்ராசவுண்டில் தெரியும். சத்தமில்லாமல் படிப்படியாக வந்த வலி என்றால் இரண்டு வாரம் சுவரைவிட்டு விலகி இருங்கள். திரும்பும்போது பெரிய பிடிகள், திறந்த விரல், வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்குங்கள். வலி தலைகாட்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். டேப் சுற்றுவது ஆறிவரும் விரலுக்குக் கொஞ்சம் துணைசெய்யும். அதை நம்பிக் கடினமான பாதையில் ஏற வேண்டாம்.

ஹேங்போர்டை ஒன்றரை, இரண்டு வருடம் தொடர்ந்து ஏறிய பிறகு பார்க்கலாம். அதுவரை புஷ்-அப்பும், தோள்பட்டையை வெளிப்பக்கம் சுழற்றும் ரப்பர் பட்டைப் பயிற்சியும் செய்யுங்கள். இழுத்துக்கொண்டே இருக்கும் உடம்புக்குத் தள்ளும் வேலையும் வேண்டும், இல்லையென்றால் அடுத்து முழங்கையோ தோளோ வலிக்க ஆரம்பிக்கும்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, போட்டிகளுக்குத் தயாராகிறாள். நடுவிரலின் நடுமூட்டில் ஒரு மாதமாக வலி. பயிற்சியாளர் டேப் போட்டுத் தொடரச் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள் அம்மா. பெரியவர்களுக்கு வளையம் கிழியும் இடத்தில், வளரும் பிள்ளைகளுக்கு எலும்பே விட்டுக்கொடுக்கும். விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடவில்லை, அந்த வயதில் அதுதான் வலுவில்லாத பகுதி. விழாமல், அடிபடாமல், கிரிம்ப் பிடியின் தொடர் அழுத்தத்தாலேயே அங்கே விரிசல் விழும். நடுமூட்டின் மேல்பக்கம் அழுத்தினால் வலி, மெதுவாக வந்த வலி, வயது 13 முதல் 16 என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கை மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டி எக்ஸ்ரே எடுங்கள். அவள் பாறையேற்றம் செய்கிறாள் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முழுதாக ஆறிவிடும். டேப் போட்டுத் தொடர்ந்தால் விரல் கோணலாகவோ மூட்டு விறைத்தோ நிரந்தரமாகிவிடலாம். ஆறிய பிறகும், வளர்ச்சி முடியும்வரை முழு கிரிம்ப், ஹேங்போர்டில் கூடுதல் எடை, கேம்பஸ் போர்டில் (குறுக்குக் கட்டைகள் வைத்த சாய்பலகை) காலை ஊன்றாமல் கையால் தாவுவது மூன்றும் அவளுக்கு வேண்டாம். ஒரு சீசன் போவது போகட்டும்.

கேள்வி: ஏறும்போது பிரச்சினையே இல்லை. இறங்கும்போது முழங்கால் பயங்கரமாக வலிக்கிறது, மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது. தினமும் ஓடுகிறேன், ஆனாலும் ஏன்?

பதில்: ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. சமதளத்தில் ஓடுவது இதைப் போதுமான அளவு பழக்காது. பழகாத தசை இப்படி வேலை செய்தால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படிப் பிடித்துக்கொள்ளும். நல்ல சேதி, இந்த வேலைக்கு உடம்பு சீக்கிரம் பழகும். பயணத்துக்குச் சில வாரம் முன்பே ஒன்றிரண்டு நீண்ட இறக்கங்களை இறங்கியிருந்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு படியின் மேல் ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். தரையைத் தொட்டதும் ஊன்றாமல் மேலே வாருங்கள். கண்ணாடி முன் செய்தால் நல்லது, முழங்கால் உள்பக்கம் சாய்வது உடனே தெரியும். காலுக்குப் பத்துப் பத்தாக மூன்று சுற்று, வாரத்துக்கு இரண்டு நாள். எடை தூக்கி ஏறிப் பழகுபவர்கள் பையில் கேன்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஏறி, உச்சியில் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். மூட்டுக்கு வீண் சுமை இல்லை.

மலையில் சின்ன அடிகளாக வையுங்கள், முழங்காலை முழுதாக நீட்டிக் குத்தாதீர்கள். கைத்தடிகளை இறக்கத்தில் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். மூட்டு வீங்கினாலோ, இடையில் பூட்டிக்கொண்டாலோ அது பயிற்சிக் குறைவால் வருவதல்ல, மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நல்ல பூட், நாலே தடவை போட்டது. எட்டு வருடம் அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். பாதி வழியில் அடிப்பாகம் முழுசாகப் பிரிந்துவிட்டது. போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. பல பூட்களின் நடு அடி பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதை உள்ளுக்குள் சிதைத்துக்கொண்டே இருக்கும், போடாவிட்டாலும். அடுத்த முறை கிளம்பும் முன் நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டாலோ பொடியாக உதிர்ந்தாலோ அதோடு போகாதீர்கள். காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வைத்து அவ்வப்போது போட்டு நடங்கள். நீண்ட பயணத்துக்குப் பையில் கொஞ்சம் டேப்பும் மெல்லிய கயிறும் இருக்கட்டும், அடியைச் சுற்றிக் கட்டி இறங்கி வந்துவிடலாம்.

கேள்வி: மழை ஜாக்கெட் உள்ளே ஈரமாகிறது. கிழிசல் எதுவும் இல்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மேல்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளவில்லை என்றால் மேல்பூச்சு தேய்ந்திருக்கிறது. துணி ஊறிக்கொண்டால் உங்கள் வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அதற்கான திரவத்தால் துவைத்து, லேபிளில் உள்ளபடி மிதமான சூட்டில் உலர்த்துங்கள். பலன் இல்லையென்றால் பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்பிரே அடிக்கலாம். துணி மென்மையாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மாரத்தான் ஓடுகிறேன். முதல்முறையாக 5,000 மீட்டருக்கு மேல் போகிறேன். என் உடல்தகுதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா அக்கா?

பதில்: இல்லை தம்பி. நன்றாக ஓடுபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் அவர்களால் வேகமாக உயரம் ஏற முடிகிறது. உடல்தகுதி உயர நோயைத் தடுக்காது. சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அதற்கு உடம்பு பழக நாள்கள் தேவை, அதைப் பயிற்சியால் வாங்க முடியாது.

3,000 மீட்டருக்கு மேல், படுத்துத் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஒரு இரவு கூடுதலாகத் தங்குங்கள். பகலில் மேலே போய்விட்டு இறங்கித் தூங்கலாம். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசாதாரணச் சோர்வு சேர்ந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள், குறையாவிட்டால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குழப்பமாகப் பேசினாலோ, ஒரு காலின் விரல்நுனிக்கு முன் மற்றக் காலின் குதிகாலை வைத்து நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ மூளை வீங்குகிறது. இரண்டிலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இருட்டானாலும் உடனே, துணையோடு இறங்க வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, ஒவ்வாமை இருந்தால் சொல்லி, வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளைக் குறைக்காதீர்கள், முடிந்தால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. பாறைக்கும் அதுவே போதுமா?

பதில்: போதாது. பாறையேற்ற ஹெல்மெட் மேலிருந்து விழும் கல்லுக்காகவும் சோதிக்கப்பட்டது. சைக்கிள் ஹெல்மெட்டில் உச்சியிலேயே காற்றுக்கான பெரிய திறப்புகள் இருக்கும். வாங்கும்போது தாடைப் பட்டையைப் போடாமல் தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள், விழாமல் நிற்க வேண்டும். நெற்றியை மறைக்கும்படி போடுங்கள், பின்னால் தள்ளிப் போடாதீர்கள். பலமாக ஒரு அடி வாங்கினாலோ நுரையில் விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். கீழே நின்று கயிறு பிடிப்பவருக்கும் ஒன்று வாங்குங்கள்.