மூன்றாவது ஹால் வேண்டாம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

கொங்குப் பகுதியில் ஒரு சிறிய ஊரில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். எங்கள் சங்கத்தின் மாநில மாநாடு அடுத்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில். யார், எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்யும் சயின்டிஃபிக் கமிட்டிக்குச் சேர்மனாக என்னைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. பேச்சாளர் பட்டியலில் இப்போதே 40 பெயர்களுக்கு மேல். பாதிப்பேர் முன்னாள் தலைவர்கள் அல்லது அவர்கள் சிபாரிசு செய்தவர்கள். “ரெண்டு ஹால் பத்தலைன்னா மூணாவது ஹால் போட்டுடுங்க, எல்லாருக்கும் இடம் கிடைச்சிடும்” என்கிறார் செயலாளர். பி.ஜி. (முதுநிலை) மாணவர்கள் அனுப்பும் அப்ஸ்ட்ராக்டை, அதாவது ஆய்வுச் சுருக்கத்தை, எடுத்தால் “யாரோட ஸ்டூடன்ட்?” என்பதுதான் கமிட்டியில் முதல் கேள்வி. ஒரு மருந்து கம்பெனி தங்கள் பேச்சாளருக்குச் சனிக்கிழமை காலை ஸ்லாட் கேட்கிறது. நீங்கள் இந்தப் பொறுப்பில் இருந்தவர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இதைச் செய்து முடிக்க வழி உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வழி இல்லை. சிலர் கோபித்துக்கொள்ளத்தான் போகிறார்கள். மேடை கிடைக்காதவர்கள் கோபித்துக்கொள்வதா, கிளினிக்கை இரண்டு நாள் பூட்டிவிட்டு, பணம் கட்டி வந்து உட்காருகிறவர்கள் கோபித்துக்கொள்வதா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாமவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அடுத்த வருடம் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

பட்டியலை மூடிவைத்துவிட்டு முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 5.30 வரை எட்டரை மணி நேரம். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மலர் வெளியீடு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போய்விடும், அழைப்பிதழில் முக்கால் மணி என்று அச்சடித்திருந்தாலும். சாப்பாட்டுக்கு ஒரு மணி, இரண்டு டீக்கும் சேர்த்து முக்கால் மணி. மிச்சம் ஐந்தேகால். ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு பாதிப்பேர் பஸ் ஏறிவிடுவார்கள் என்பதால் 9 முதல் 1.30 வரைதான் கணக்கு. அதில் பொதுக்குழு, டீ போக மூன்று மணி நேரம். ஆக ஒரு ஹாலுக்கு எட்டேகால் மணி நேரம். 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி என்றால் 16 பேர். இரண்டு ஹாலுக்கு 32. பி.ஜி. பேப்பர், க்விஸ், ஓரேஷன் என்கிற சிறப்புச் சொற்பொழிவு எல்லாம் கழித்தால் இருபதுக்குச் சற்று மேல் நிற்கும்.

நாற்பது எங்கே, இருபது எங்கே? இந்த இடைவெளியை அடைக்கத்தான் செயலாளர் மூன்றாவது ஹால் கேட்கிறார். டெலிகேட், அதாவது பணம் கட்டி வருகிறவர்கள், எண்ணிக்கை கூடாமல் ஹால் மட்டும் கூடினால் நடப்பது எல்லோருக்கும் தெரியும். வெளிமாநிலத்திலிருந்து விமானத்தில் வரவழைத்த பேச்சாளர் 15 பேருக்கு முன்னால் பேசுவார். அதில் நாலு பேர் அடுத்துப் பேசக் காத்திருப்பவர்கள், இரண்டு பேர் மைக்செட்காரர்கள். அறை காலியாக இருக்கிறது என்றால் அதைக் கைக்குழந்தையோடு வரும் டாக்டர்களுக்கு ஒதுக்குங்கள். குழந்தை மருத்துவர்கள் மாநாட்டிலேயே ஒரு தாய் பால் கொடுக்க இடம் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஹாலைக் கூட்டாமல் பேச்சாளரைக் கூட்டினால் முதலில் பலியாவது கேள்வி நேரம். அது என்னவென்று சொல்கிறேன். ஒரு மாநாட்டில் டெங்கு அமர்வு. பேச்சாளர் நேரத்துக்கு முடித்துவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர் மைக்கை வாங்கினார். “சார், பையனுக்கு பிளேட்லெட் 28,000. ப்ளீடிங் இல்லை, பி.பி. நல்லா இருக்கு. ராத்திரி பதினோரு மணி. அப்பா ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, ஏன் பிளேட்லெட் ஏத்தமாட்டேங்கிறீங்கன்னு சத்தம் போடறார். நான் அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?” ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றக்கூடாது, ஹெமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) திரவத்தையும் கவனிக்க வேண்டும் என்பது ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவர் கேட்டது அதையல்ல. ஒரு மூத்த டாக்டர் எழுந்து, “நான் அப்பா கையில ஒரு நோட்டைக் கொடுத்துடுவேன். எத்தனை மணிக்கு எவ்வளவு குடிச்சான், எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போனான்னு எழுதச் சொல்வேன். அவருக்கும் ஒரு வேலை வேணும்ல?” என்றார். ஸ்லைடில் இல்லாத விஷயம். இதற்குத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

ஆகவே தலைப்பு முதலில், பெயர் பிறகு. உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: “கடந்த ஆறு மாதத்தில் நிச்சயமில்லாமல் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த குழந்தை எது?” பச்சிளம் குழந்தை மஞ்சள் காமாலை, காய்ச்சல் வலிப்பு, பேச்சு வராத இரண்டு வயதுக் குழந்தை என்று பதில்கள் தாமாகவே கூடும். அவைதான் அமர்வுகள். அதன்பின் “சார், உங்களுக்கு இடமில்லை” என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. “இந்தத் தலைப்பில் தினமும் கேஸ் பார்ப்பவர் இவர்” என்றால் போதும்.

முன்னாள் தலைவர்களை விட்டுவிட முடியாது, விடவும் கூடாது. அவர்களை அமர்வுகளை நடத்தும் சேர்பெர்சனாக உட்காரவையுங்கள். ஒரு தந்திரம் சொல்கிறேன். “ஒன் லாஸ்ட் ஸ்லைடு” என்று சொல்லி இருபது ஸ்லைடு ஓட்டும் சீனியரை நிறுத்த ஜூனியர் யாராலும் முடியாது. மணியடிக்கக் கை வராது. அப்படிப்பட்டவருக்கு வகுப்பெடுத்த ஆசிரியர் யாராவது இருந்தால் அவரைச் சேர்பெர்சன் ஆக்குங்கள். ஒருமுறை தொண்டையைக் கனைத்தாலே போதும்.

அப்ஸ்ட்ராக்ட் விஷயத்தில் மாணவர் பெயர், கல்லூரி, கைடு (வழிகாட்டும் பேராசிரியர்) மூன்றையும் நீக்கி, மூன்று பேரிடம் தனித்தனியாக மதிப்பெண் வாங்குங்கள். ஆனால் அந்த மதிப்பெண்ணை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். 2014இல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் நிகழ்ச்சிக் குழுத் தலைவர்கள் கொரின்னா கார்ட்டஸும் நீல் லாரன்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். 166 கட்டுரைகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். 43 கட்டுரைகளில் இரு குழுவின் முடிவும் வேறு வேறு. ஒரு குழு தேர்ந்தெடுத்ததில் ஏறக்குறைய பாதியை இன்னொரு குழு நிராகரித்தது. மிக நல்லதும் மிக மோசமும் யார் கண்ணுக்கும் தெரியும். நடுவில் இருப்பவற்றில் தசமப் புள்ளிக்குச் சண்டை போடாமல், தலைப்பு ஒன்றுபோல் குவியாதபடி பார்த்து எடுங்கள். மற்றவை மேடைப் பேச்சில்லாமல் சுவரில் ஒட்டிக் காட்டும் போஸ்டருக்குப் போகட்டும்.

கம்பெனிக்குச் சனிக்கிழமை காலை கிடையாது. 2024இல் வந்த மருந்து விற்பனை நடத்தை விதிகளின்படி, மாநாட்டுக்கு வரும் டாக்டருக்குக் கம்பெனி பயணச் செலவோ தங்கும் செலவோ தரக்கூடாது, பேச்சாளருக்கு மட்டும் விலக்கு. பேச்சாளர் பட்டியலில் இடம்பிடிக்க நெருக்கடி ஏன் கூடுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். சாப்பாட்டு வேளையில் கம்பெனி பெயரைப் பெரிதாகப் போட்டுத் தனி அமர்வு கொடுங்கள், கேட்கிறவர்கள் கேட்கட்டும். டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமாவது இத்தகைய தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்கிற 2002ஆம் ஆண்டு விதிக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போகிறவர்களைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். அவர்களைப் பிடித்துவைக்கிற நிகழ்ச்சி நிரலை இதுவரை யாரும் போட்டதில்லை.

இடம் கிடைக்காத மூத்தவர்களுக்கு மெயில் அனுப்பாதீர்கள். நிரல் அச்சுக்குப் போகும் முன்னால் நீங்களே போன் செய்யுங்கள், இரவு எட்டரைக்கு மேல், ஓ.பி. முடிந்திருக்கும். சுற்றிவளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். கமிட்டி முடிவு என்று மட்டும் சொல்லாதீர்கள். கமிட்டியில் யாரோ அன்று மாலையே அவரிடம் பேசியிருப்பார்.