மோதலுக்குப் பின் காரில் மறைந்திருக்கும் சேதம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த வேன் ஒன்று என் கார்மீது மோதிவிட்டது. பம்பரில் ஒரு கீறலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வண்டியும் வழக்கம்போல் ஓடுகிறது. ஆனால் அன்று முதல் டிக்கியை ஓங்கி அழுத்தினால்தான் பூட்டு விழுகிறது. மோதியவர் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் செலவைக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து இப்போது முடித்துக்கொள்ளாதீர்கள். முன்பு தானாக விழுந்த பூட்டு இப்போது விழவில்லை என்றால், பூட்டும் அது மாட்டிக்கொள்ளும் கொக்கியும் நேருக்கு நேராக இல்லை என்று பொருள். பின்புறத் தகடு இடம் பெயர்ந்திருக்கலாம் என்பதற்கு இது போதுமான அறிகுறி.

இக்காலக் கார்களில் நாம் பம்பர் என்று சொல்வது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை மட்டுமே. அடி விழும்போது அது உள்ளே அமுங்கி, அடுத்த கணமே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் குறுக்கு விட்டமும், விசையைத் தாங்கி நசுங்குவதற்கென்றே அமைக்கப்பட்ட பகுதிகளும், அவற்றைத் தாங்கும் நீளச் சட்டங்களும் உலோகத்தால் ஆனவை. ஒருமுறை மடங்கினால் அவை தாமாக நிமிர்வதில்லை. அதனால்தான் வெளியே கீறலோடு நிற்கும் வண்டியின் உள்ளே விட்டம் வளைந்திருக்க முடிகிறது. அந்த நிலையில் இன்னொரு மோதல் நேர்ந்தால், நசுங்கி நம்மைக் காக்க வேண்டிய பகுதி ஏற்கெனவே நசுங்கிப்போயிருக்கும். எனக்கு இதில் உள்ள கவலையே அதுதான்.

முதல் சோதனையை நீங்களே செய்யலாம். டிக்கியின் விரிப்பை எடுத்துவிட்டு, ஸ்டெப்னியையும் வெளியே எடுங்கள். அந்தக் குழியின் தரையிலும் ஓரங்களிலும் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத நெளிவு, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். தகடுகள் சேரும் இடத்தில் பூசியிருக்கும் சீலன்டில் தலைமுடி அளவு வெடிப்பு இருந்தாலும், அதன் அருகே பெயின்ட் செதிலாக உதிர்ந்திருந்தாலும், அந்தத் தகடு அசைந்திருக்கிறது. வாகனம் பல மாதங்களுக்கு முன்பே அடிபட்டிருந்தால் அவ்விடத்தில் துரு படிந்திருக்கும்; புதிய வெடிப்பில் உலோகம் பளிச்சென்றிருக்கும். உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பின் கதவுக்கும் அதை ஒட்டிய தகட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளியில் விரல்நுனியை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ஒரு பக்கம் மேலே குறுகிக் கீழே விரிந்தோ, இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபட்டோ இருந்தால் உடலமைப்பே நெளிந்திருக்கக்கூடும். பெரும்பாலான கார்களில் உடலும், அடிச்சட்டமான சேஸிஸும் ஒரே அமைப்பு என்பதால், பின்னால் விழுந்த அடி கூரை வரை செல்வதுண்டு. முன் இருக்கைகளின் சாய்வு பழையபடி உறுதியாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். பின்மோதலில் நம் உடலின் பாரம் முழுவதையும் தாங்குவது இருக்கையின் முதுகுப்பகுதிதான்.

இதற்கு மேல் பட்டறை வேலை. லிஃப்டில் ஏற்றி, பம்பரைக் கழற்றியே பார்க்க வேண்டும். கழற்றாமல் போடும் எஸ்டிமேட்டை நான் நம்பமாட்டேன். வீல் அலைன்மென்ட் அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். சக்கரத்தின் சாய்வைக் குறிக்கும் கேம்பர் ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். பல கார்களில் அதைத் திருகி நேராக்கும் வசதியே கிடையாது. பின் பம்பரில் சென்சார்கள் இருந்தால் அவற்றின் பிடிமானத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். இவை முடிந்த பிறகு வரும் தொகையைப் பற்றியே மோதியவரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ பேசுங்கள். முழுத் தீர்வு என்று எழுதிய தாளில் அதற்கு முன் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: என் காரின் முன்பக்கம் மெதுவாக ஒரு தூணில் இடித்தது. ஒரு வாரம் கழித்து ஏசி குளிர்ச்சி குறைந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்க வாய்ப்பு அதிகம். ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் பெரும்பாலும் முன் பம்பருக்குச் சற்றே பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். அதில் மயிரிழை விரிசல் விழுந்தால் வாயு நாள்கணக்கில் கசியும். வாயுவை மட்டும் நிரப்பிக்கொண்டு வராமல், கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டரிலும் கசிவு இருக்கலாம் என்பதால், இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவைக் குறித்து வைத்து, மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெப்பமானி முள் வழக்கத்தைவிட மேலே ஏறினால், அங்கேயே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.