ஊசித்துளைக் கேமராவில் பிம்பம் தெரியவில்லையா?

வணக்கம் டீச்சர். பிள்ளைகள் செய்த ஊசித்துளைக் கேமராவில் (ஒரு பக்கம் சின்னத் துளையும் எதிரே திரையும் உள்ள பெட்டி) பிம்பம் விழாமல், திரை முழுக்க வெறும் வெளிச்சமாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். துளை பெரிதாகியிருக்கும். அட்டையில் நேரடியாகக் குத்தினால் ஓரம் பிசிறிவிடும். அட்டையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் மேல் அலுமினியத் தாளை ஒட்டி, ஊசி நுனியால் மட்டும் குத்துங்கள். திரை 15 செ.மீ. தள்ளியிருந்தால் அரை மில்லிமீட்டர் துளை போதும். திரைக்கு டிரேசிங் பேப்பர் நல்லது. கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

அப்புறம், பார்ப்பவர் தலையையும் பெட்டியையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடி, வெயிலில் நிற்கும் மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியன் பக்கம் திருப்ப விடவே கூடாது. மரம் தலைகீழாகத் தெரிந்ததும் காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்திலேயே இன்னொரு துளை குத்தினால் இரண்டு மரம் தெரியும். ஏன் என்று அவர்களையே கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.