கடிதம் வந்தாச்சு, முகநூலில் போடலாமா?

தம்பி, ஈப்போ வேலைக்கான கடிதம் வந்துவிட்டது, தோட்ட ஆபீசில் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை, முகநூலில் போடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது போடாதீர்கள். சுங்கை சிப்புட்டில் உங்கள் தே தாரேக் ஆறுவதற்குள் விஷயம் தோட்ட ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணி காதுக்குப் போய்விடும். எனக்கே நடந்தது. மேனேஜர் என் பதிவைப் போனில் காட்டி, "இது என்ன?" என்றார். பையில் மடித்து வைத்திருந்த ராஜினாமாவை நீட்டவே கை வரவில்லை.

முதலில் கடிதத்தைக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதவில்லை என்றால், மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, மூன்று வருடம் வேலை செய்த உங்களுக்கு 6 வாரம். சேரும் தேதி அதற்கு ஒத்துவருகிறதா பாருங்கள். அப்புறம், அங்கே சேர்ந்து ஒரு வாரம் போனதும் போடுங்கள். சம்பளம் தெரிகிற கடிதப் படம் மட்டும் வேண்டாம்.

அம்மா குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் சொல்லிவிட்டாரா? சரி, அப்படியென்றால் நாளைக் காலையிலேயே ராஜினாமாவைக் கொடுத்துவிடுங்கள்.