பெரிய வாத்தியாரும் காட்டுச் சீனும்

ஓய்வு பெற்ற பிறகு யாரும் எதிர்பாராத வேலைக்குப் போன ஒருவரைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். எங்கள் பெரிய வாத்தியார்.

எங்கள் ஊர் கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம். காப்பியும் மலைவாழையும்தான் பிழைப்பு. ஊர்த் தொடக்கப் பள்ளியில் அவர் தலைமையாசிரியர். எனக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தவர். 2003இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே வத்தலக்குண்டில் நாடகங்களுக்கு சீன் செட்டிங், அதாவது காட்சி வரைந்த திரைத்துணிகள், கட்டும் ஒரு கண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் நின்று கயிறு இழுக்கிற வேலை. "பென்சன் பத்தலையா இவருக்கு?" என்று டீக்கடையில் பேசினார்கள். வீட்டிலும் வருத்தம்தான். பதினொரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். இன்றைக்கும் ஊரில் அதைப் பரிதாபக் கதையாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கனம் புரியும். திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். நிரந்தரக் குழு கிடையாது, ஒத்திகை கிடையாது. வள்ளி ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், முருகன் இன்னொரு ஊர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாதையில் பாட்டும் வசனமும் ஆளாளுக்கு மனப்பாடம் என்பதால் நாடகம் ஓடிவிடும். ஆனால் பபூன் முடித்ததும் தெருச் சீன் மேலே சுருள வேண்டும், வள்ளி வருவதற்குள் காட்டுச் சீன் இறங்க வேண்டும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடு பிடித்தால் எப்போது முடியும் என்று ஆர்மோனியக்காரருக்கே தெரியாது. வாத்தியார் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நிற்பார். குரல் இறங்குகிற விதத்திலேயே தெரிந்துவிடும் என்பார்.

நாடகக்காரர்கள் மத்தியில் வாத்தியார் என்றால் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பவர். முதலில் இவரை "சார்" என்றவர்கள், ரெண்டு வருஷத்தில் "வாத்தியாரே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வள்ளி வேஷம் போட்ட ஒரு அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாமே காதால் கேட்டுப் பாடம் பண்ணியது. அந்த அக்கா அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டைப் பதம் பிரித்து அர்த்தம் சொல்வார். அர்த்தம் தெரிந்த அன்றைக்கு அந்த அக்கா பாடிய ஆலோலத்தை, தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் பாட்டை, நான் மேடைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்படி இன்னொரு தடவை கேட்டதில்லை.

லீவு நாட்களில் அவருக்குத் துணையாகப் போவேன். சீனை வெயிலுக்கு முன்னால் சுருட்டவே விட மாட்டார். மலையூர்களில் விடியற்காலைப் பனியில் துணி ஈரமாகிவிடும். ஈரத்தோடு சுருட்டினால் பெயிண்ட் ஒன்றோடொன்று ஒட்டிப் பெயர்ந்து வந்துவிடும். நடிகர்கள் எல்லாரும் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் காலி மேடையில் வெயிலுக்குக் காத்துக்கொண்டிருப்போம்.

சரி, அந்தக் காட்டுச் சீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ட்ராக்டரிடம் இருந்த துணியில் தாமரைக் குளம், அன்னம், ரெண்டு தென்னை மரம். வள்ளி தினைப்புனம் காக்கிற காடு அதுதான். வாத்தியாருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "குறிஞ்சி நிலத்துப் பிள்ளைப்பா வள்ளி. தென்னந்தோப்புக்குள்ள நிக்கிறா பாரு" என்பார். 2006இல் குறிஞ்சி பூத்தபோது என்னை ஊத்து வரை நடத்திக் கூட்டிப்போய், அங்கிருந்து பஸ் ஏற்றி கொடைக்கானலுக்கு அழைத்துப்போனார். சரிவெல்லாம் பூ. பறிக்கவில்லை. நோட்டு அட்டையில் பூசிக்கொண்டு வந்த நாலைந்து நீலங்களைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றார்.

அப்புறம் பத்து நாள் அவர் வீட்டுத் திண்ணையில் வேலை. வச்சிரப் பசையைக் காய்ச்சி, நீலப்பொடி கலந்து, துளி ரோஸ் சேர்த்து அட்டையில் பூசிப் பார்ப்பார். பகலில் அச்சாகக் குறிஞ்சியாக இருந்த நிறம் ராத்திரி ட்யூப் லைட்டில் சாம்பலாகச் செத்துப்போனது. நாடகம் ராத்திரியில்தானே! அதனால் ராத்திரியிலேயே கலந்து, ராத்திரியிலேயே பூசினார். ஏழாவது நாள் நிறம் வந்தது. "வந்துருச்சுடா" என்று கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தார். தென்னை மரம் போய் சோலை மரம் வந்தது. குளம் இருந்த இடமெல்லாம் குறிஞ்சிப் புதர்.

முதல் தடவை அந்தத் துணி இறங்கிய ராத்திரி, முன்னால் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, "ஐயோ, நம்ம மலை" என்றாள். படுதாவுக்குப் பின்னால் நின்ற அவருக்கு அது கேட்டது. கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கூட அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

2015இல் இறந்துபோனார். 2018இல் மறுபடி குறிஞ்சி பூத்தபோது மலைக்குப் போகும் முன் வத்தலக்குண்டில் இறங்கி, அந்த சீனைப் பார்க்க வேண்டும் என்று கண்ட்ராக்டரிடம் கேட்டேன். ஷெட்டுக்குள் விரித்துக் காட்டினார். சில இடத்தில் நீலம் மங்கியிருந்தது, ஆனால் எங்கேயும் பெயரவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மூலையில், கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தது: "காடு. ஈரத்தோடு சுருட்டாதே."