இரண்டு நாளில் எபேசஸும் பமுக்கலேயும் – கடிதம்

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் நானும் கணவரும் துருக்கி போகிறோம். குழுப் பயணம்தான். இஸ்தான்புல் பார்த்த பிறகு மேற்குப் பக்கம் இரண்டு நாள். முதல் நாள் எபேசஸ் என்ற பழங்கால ஊர், மறுநாள் பமுக்கலேயின் வெள்ளைச் சுண்ணாம்புப் படிகளும் அங்கேயே இருக்கும் ஹியராபோலிஸ் என்ற ஊரின் இடிபாடுகளும். எபேசஸுக்கு இரண்டு மணி நேரம், பமுக்கலேக்கு மூன்று மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். கைடு உண்டு. என் மகன் கேலி செய்கிறான். "கொடியைப் பிடித்துக்கொண்டு போகிறவர் பின்னால் ஓடி, போட்டோ எடுத்துவிட்டு வரப்போகிறீர்கள். இரண்டாயிரம் வருஷத்து ஊரை இரண்டு மணி நேரத்தில் என்னம்மா பார்ப்பாய்?" என்கிறான். நீங்களும் ஓர் இடத்தில் தங்கித் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர்தான். எனக்கு முட்டிவலி, தனியாகச் சுற்றும் தைரியமும் கிடையாது. இப்படிப் போவதில் ஏதாவது பயன் உண்டா? எதைப் பார்ப்பது, எதை விடுவது? கைடு சொல்வதை நம்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். தங்கிப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதியது முடிந்தவர்களுக்கு. முடியாதவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு வாரம் ஒரே ஊரில் தங்கி ஒன்றையும் பார்க்காமல் திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும். நேரம் குறைவு என்பதைவிட, அந்தக் குறைந்த நேரத்தில் இருபது விஷயங்களைத் திணிப்பதுதான் இந்தச் சுற்றுலாக்களின் சிக்கல். கைடு இருபதையும் சொல்லட்டும், அது அவர் வேலை. நீங்கள் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: இந்த ஊர் ஏன் இங்கே வந்தது, ஏன் இல்லாமல் போனது?

பயண நிறுவனங்களின் தாள்களில் 'பழங்கால இடிபாடுகள்' ஒரு வரியிலும் 'இயற்கை அதிசயம்' இன்னொரு வரியிலும் இருக்கும். நீங்கள் போகும் இரண்டு ஊர்களிலும் அப்படிப் பிரிக்கவே முடியாது. வெந்நீரைக் கொடுத்து ஒன்றை உருவாக்கியதும், நிலநடுக்கத்தால் அதை அழித்ததும் ஒரே நிலப்பிளவு. இன்னொன்றை வளர்த்தது கடல், கொன்றது ஆற்று வண்டல். யுனெஸ்கோ 1988இல் ஹியராபோலிஸ்–பமுக்கலேயை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் பண்பாடு, இயற்கை இரண்டின் பெயராலும் ஒரே இடமாகத்தான் சேர்த்தது.

முதலில் எபேசஸ். மேல் வாசலில் இறக்கிவிட்டு, இறக்கமாக நடக்கவைத்து, கீழ் வாசலில் ஏற்றிக்கொள்வார்கள். முட்டிக்கு இறக்கமும் தொல்லைதான். பளிங்குப் பாதை வழுக்கும், ரப்பர் அடி போட்ட செருப்பு போடுங்கள். எல்லோரும் செல்சஸ் நூலகத்தின் முன்னால் குவிவார்கள். அழகான முகப்புதான், ஆனால் அது விழுந்துகிடந்த கற்களை 1970களில் ஆஸ்திரிய அகழாய்வாளர்கள் அடுக்கி நிமிர்த்தியது. மாடங்களில் நிற்கும் பெண் சிலைகள் நகல்கள், அசல்கள் வியன்னாவில் இருக்கின்றன. அங்கே ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தைப் பெரிய அரங்கத்துக்கு வையுங்கள். சுமார் 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். மேலே ஏற வேண்டியதில்லை. அதன் வாசலிலிருந்து அகலமான பளிங்குச் சாலை ஒன்று நேராக மேற்கே போகும். துறைமுகச் சாலை. கப்பலில் வந்திறங்கியவர்கள் அதன் வழியாகத்தான் ஊருக்குள் வந்தார்கள். அதன் கோடியில் இப்போது நாணலும் வயலும்தான் இருக்கின்றன. கடல் ஐந்து கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது.

காரணம் கய்ஸ்டர் ஆறு. அது கொண்டுவந்து கொட்டிய வண்டலோடு இந்த ஊர் சில நூறு ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைசிமாக்கஸ் என்ற அரசன் ஊரையே இப்போதைய இடத்துக்கு மாற்றினான். மக்கள் பழைய இடத்தைவிட்டு நகர மறுத்தார்கள். பெருமழை வரும்வரை காத்திருந்து, சாக்கடை வாய்களை அடைத்து, வீடுகளை வெள்ளத்தில் மிதக்கவிட்டான். அதன்பிறகு எல்லோரும் கிளம்பினார்கள் என்று எழுதுகிறார் ஸ்ட்ராபோ. கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் அவர். இன்னொரு கதையும் சொல்கிறார். பிறகு இந்தப் பகுதியை ஆண்ட பெர்கமோன் நாட்டு அரசன் ஒருவன், துறைமுக வாயைக் குறுக்கினால் ஆழம் கூடும் என்று நம்பி அணைகரை கட்டினான். முன்பு அலை இழுத்துக்கொண்டு போன வண்டல் உள்ளேயே தங்கி, துறைமுகம் இன்னும் வேகமாகத் தூர்ந்தது. அரசுப் பொறியியல் அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆர்ட்டெமிஸ் கோயிலுக்கு வண்டியை நிறுத்தினால் ஏமாற்றம் வேண்டாம். பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று என்று சொல்லி ஒற்றைத் தூணைக் காட்டுவார்கள். அதுவும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நிறுத்தியது. 127 தூண்கள் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். சேற்று நிலத்துக்குள் புதைந்துபோன அந்தக் கோயிலின் இடத்தை 1869இல்தான் கண்டுபிடித்தார்கள்.

பமுக்கலேக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும், தூங்கிவிடுங்கள். ஏனென்றால் நான் அதிகம் சொல்ல விரும்புவது மறுநாளைப் பற்றித்தான்.

வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டுமே, அதேதான் பமுக்கலே. கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரக் குன்றின் மேல், நிலப்பிளவின் வழியாகச் சுடுநீர் ஊறி வருகிறது. சுண்ணாம்பைக் கரைத்துவைத்திருக்கும் நீர் அது. வெளிக்காற்றுக்கு வந்ததும் அதிலிருக்கும் கரியமில வாயு பிரிந்துபோகிறது. பிறகு சுண்ணாம்பு நீரில் கரைந்திருக்க முடியாது. முதலில் கூழ்போலப் படிந்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. குளத்தின் விளிம்பில் நீர் மெல்லிசாக வழியும்போது வாயு விரைவாகப் பிரிவதால் விளிம்பு வேகமாக வளர்கிறது. அடுக்கடுக்கான தொட்டிகள் அப்படி உருவானவை. ஸ்ட்ராபோ இதையும் பார்த்திருக்கிறார். வயலோரம் வாய்க்கால் வெட்டி இந்த நீரைப் பாய்ச்சினால் ஒரே கல்லாலான வேலி கிடைத்துவிடுகிறது என்கிறார். கம்பளிக்குச் சாயம் ஏற்ற இந்த நீர் வெகு பொருத்தம் என்றும் எழுதுகிறார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர்கள் இங்கே ஊர் அமைத்தார்கள். குளிக்க, நோய் தீர, சாயம் போட எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான். கல்லறை ஒன்றில் ஃப்ளேவியஸ் ஸியூக்ஸிஸ் என்ற வணிகர், கிரேக்கத்தின் தெற்கே இருக்கும் மலேயா முனையைச் சுற்றி 72 முறை இத்தாலிக்குக் கப்பலேறியதாகப் பொறித்துவைத்திருக்கிறார். கடலே தெரியாத இந்தக் குன்றின் மேல் வாழ்ந்த மனிதர்!

ஆனால் வெந்நீரைக் கொடுத்த அதே நிலப்பிளவுதான் நிலநடுக்கத்தையும் கொடுத்தது. கி.பி. 60இல் நீரோ காலத்தில் ஊர் நொறுங்கியது. மறுபடி கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் ரோமானிய ஊர் பெரும்பாலும் அதற்குப் பிறகானது. திரும்பவும் விழுந்தது, திரும்பவும் எழுந்தது. 14ஆம் நூற்றாண்டில் வந்த நிலநடுக்கத்தோடு முடிந்தது. ஆள் இல்லாத ஊரில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. வாய்க்காலை ஒழுங்குபடுத்த யாரும் இல்லாததால் தெருக்களில் வழிந்து அவற்றைச் சுண்ணாம்பால் மூடியது. வெள்ளைப் பாறைக்குள் பாதி புதைந்து நிற்கும் கல்லறை ஒன்றை அங்கே பார்ப்பீர்கள். இடிபாடு, இயற்கை அதிசயம் என்று இரண்டு வரியாகப் பிரித்து அச்சடித்தவரை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

அவசியம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது ப்ளூட்டோனியன். பாதாள வாசல் என்று கருதப்பட்ட கோயில். மூன்று மணி நேரச் சுற்றுலாவில் பல கைடுகள் தாண்டிப்போய்விடுவார்கள். நிலத்தடியிலிருந்து கரியமில வாயு கசியும் வாய் ஒன்றின் மேல் கட்டியது. உள்ளே கொண்டுபோகும் காளைகள் சுருண்டு விழுந்து சாகும், கிபெலே தெய்வத்தின் பூசாரிகள் மட்டும் உயிரோடு திரும்புவார்கள். ஸ்ட்ராபோ தானே குருவிகளை உள்ளே எறிந்து, அவை உடனே செத்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார். பூசாரிகள் மூச்சைப் பிடித்துக்கொள்வதையும் கவனித்திருக்கிறார். இத்தாலிய அகழாய்வாளர்கள் 2013இல் இந்த இடத்தை அடையாளம் கண்டு அறிவித்தார்கள். பிறகு வாயுவை அளந்து 2018இல் வெளியான ஆய்வு விஷயத்தைத் தெளிவாக்கியது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். இரவில் சேர்ந்து விடியற்காலையில் மிக அடர்த்தியாக இருக்கும், வெயில் ஏறியதும் கலையும். காளையின் மூக்கு வாயுவுக்குள் இருந்தது, நிமிர்ந்து நின்ற பூசாரியின் மூக்கு அதற்கு மேலே. பூசாரிகளுக்கு வேதியியல் தெரியாது, உயரமும் நேரமும் தெரிந்திருந்தது. இன்றும் கசிகிறது, கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

கைடை நம்பலாமா என்றால், துருக்கியில் அரசு உரிமம் பெற்றவர்தான் கைடாக முடியும். ஆண்டு, அரசர் பெயர், வழி எல்லாவற்றிலும் பெரும்பாலும் நம்பலாம். சுவையான கதை வரும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எபேசஸில் தரையில் செதுக்கிய பாதச்சுவடு விபச்சார விடுதிக்கு விளம்பரம், நூலகத்திலிருந்து அங்கே ரகசியச் சுரங்கம் என்றெல்லாம் சொல்வார்கள். சான்று கிடையாது. பமுக்கலேயின் பழங்காலக் குளத்தில் கிளியோபாட்ரா குளித்தாள் என்பதும் அப்படியே. ஆனால் அந்தக் குளத்தில் மூழ்கிக்கிடக்கும் தூண்கள் உண்மையானவை. கூட்டத்தின் முன் அவரை மடக்காதீர்கள். நடக்கும்போது பக்கத்தில் போய் "இது எப்படித் தெரிய வந்தது?" என்று கேளுங்கள். நல்ல கைடு அந்தக் கேள்வியில் மலர்ந்துவிடுவார், மீதி நேரம் உங்களுக்காகவே பேசுவார்.

சில நடைமுறை விஷயங்கள். பமுக்கலேயில் பஸ் எந்த வாசலில் விடும் என்று முன்பே கேளுங்கள். வடக்கு வாசல் என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளின் ஊடாக நல்ல நடை. தெற்கு வாசல் வெள்ளைப் படிகளுக்கு அருகில், உங்கள் முட்டிக்கு அதுவே நல்லது. ஹியராபோலிஸிலும் ஓர் அரங்கம் உண்டு, அதற்கு ஏற்றம், அதை விடலாம். வெள்ளைப் பரப்பில் செருப்பு போடக்கூடாது, கழற்றிப் போட்டுக்கொள்ள ஒரு பை வேண்டும். சில இடம் சொரசொரக்கும், சில இடம் வழுக்கும். படத்தில் பார்த்த நீலத் தொட்டிகள் பல காய்ந்துகிடக்கலாம். ஒரு காலத்தில் மேலேயே ஓட்டல்கள் கட்டி, நீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்குத் திருப்பி, படிகளின் மேலேயே சாலையும் போட்டிருந்தார்கள். ஓட்டல்களை இடித்துவிட்டார்கள். படிவு கறுக்காமல் இருக்க இப்போது நீரை முறைவைத்து விடுகிறார்கள். நீங்கள் வெறுங்காலோடு நடக்கும் பாதையோரத் தொட்டிகள் பழைய சாலை இருந்த இடத்தில் மனிதர் கட்டியவை. இயற்கையானவற்றை எட்டி நின்று பார்க்கத்தான் முடியும். நண்பகல் வெயில் வெள்ளையில் பட்டுக் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள்.

வழியில் தோல் உடுப்புக் கடையிலோ கம்பளக் கடையிலோ கட்டாயம் நிறுத்துவார்கள். இந்த வகைப் பயணத்தில் நான் மன்னிக்காத ஒரே விஷயம் அதுதான். இடிபாடுகளுக்கு நேரமில்லை என்று விரட்டியவர்களுக்குக் கடையில் எவ்வளவு நேரமும் கிடைக்கும். எத்தனை கடை நிறுத்தம் என்று பணம் கட்டும் முன்னரே எழுத்தில் கேட்கலாம். கடையே இல்லாத சுற்றுலாக்களும் உண்டு, கொஞ்சம் விலை கூட.

எப்படியாவது இன்னொரு நாள் கிடைத்தால் பமுக்கலேயை நீட்டாதீர்கள். சுமார் நூறு கிலோமீட்டரில் அப்ரோடிசியாஸ் என்ற இன்னொரு பழங்கால ஊர் இருக்கிறது. 1958இல் புகைப்படக்காரர் ஆரா கூலர் வழிதவறி ஒரு கிராமத்துக்குள் போய், ரோமானியத் தூண்களோடு சேர்ந்து வாழும் மக்களைப் பார்த்துப் படமெடுத்தார். 1961 முதல் தாம் சாகும் 1990 வரை அகழாய்வாளர் கெனான் எரிம் அங்கே தோண்டினார், அங்கேயே அடக்கமும் ஆனார். 262 மீட்டர் நீள ஓட்டப்பந்தயத் திடல் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. கூட்டம் குறைவு, தரை பெரும்பாலும் சமம். உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

அன்புடன்.